ஒரு வீடியோ அசலா, ஏஐ-யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டிருப்பது இதுதான்: வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ, ஆடியோ, போட்டோவில் எது அசல், எது ஏஐ-யில் செய்தது என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? இனிமேல் எதையுமே நம்ப முடியாத நிலை வந்துவிட்டதா? இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லது. இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன். வருகிற வீடியோக்களைச் சரிபார்த்துச் சொல்வதுதான் என் தினசரி வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. விரலை எண்ணுங்கள், பல்லைப் பாருங்கள், கண் சிமிட்டுகிறதா பாருங்கள் என்று சுற்றிக்கொண்டிருக்கும் குறிப்புகளுக்கெல்லாம் ஆயுள் ரொம்பக் குறைவு. 2018-இல் அமெரிக்காவின் ஆல்பனியில் இருந்த ஸிவெய் லியூ என்கிற ஆய்வாளர், டீப்ஃபேக் (ஏஐ-யில் முகத்தையோ குரலையோ மாற்றிச் செய்கிற போலி) முகங்கள் சரியாகக் கண் சிமிட்டுவதில்லை என்று கவனித்துச் சொன்னார். காரணம் எளிது. நாம் யாரும் கண்ணை மூடியிருக்கிற போட்டோவை இணையத்தில் போடுவதில்லை, அதனால் மூடிய கண் எப்படி இருக்கும் என்று அந்த மென்பொருளுக்கே தெரியவில்லை. விஷயம் வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே சிமிட்டுகிற டீப்ஃபேக் வந்துவிட்டது. 2022-இல் ஸோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரீத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அசல் முகங்களையும் கணினி உருவாக்கிய முகங்களையும் கலந்து மக்களிடம் காட்டிப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சுமார் 48 சதவீதம், அதாவது காசைச் சுண்டிப் பார்த்தாலும் அந்த அளவுக்கு வந்திருக்கும். அதைவிட முக்கியமாக, கணினி செய்த முகங்களைத்தான் மக்கள் ‘நம்பிக்கையான முகம்’ என்று கொஞ்சம் கூடுதலாக மதிப்பிட்டிருந்தார்கள். இது 2022 கதை. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது.

கண் சில நேரம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் வருவது போல ஒரு வீடியோ பரவியது ஞாபகம் இருக்கும். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், லிஃப்ட் வாசலில் அவர் நுழைகிற முதல் நொடியில் வேறொரு பெண்ணின் முகம் இருக்கும், அடுத்த கணத்தில் ராஷ்மிகாவின் முகமாக மாறும். முகத்தை ஒட்டுகிற மென்பொருளுக்கு, முகம் முழுதாகத் தெரிகிற வரை பிடி கிடைக்கவில்லை. அதனால் வீடியோவின் தொடக்கம், முகம் திரும்புகிற இடம், கை முகத்தைக் கடக்கிற இடம் இவற்றை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது இன்னும் பிரயோஜனம்தான். ஆனாலும் அந்த வீடியோ போலி என்று உறுதியானது அசல் கிடைத்ததால்தான். ஒரு பிரிட்டிஷ் இந்தியப் பெண் தன் இன்ஸ்டாகிராமில் முன்பே போட்டிருந்த வீடியோ அது.

அதே 2023 மே 28 அன்று, டெல்லியில் புதிய நாடாளுமன்றத்தை நோக்கிப் போராட்டமாகப் போன மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியது. வண்டிக்குள் வினேஷ் போகட், சங்கீதா போகட் எல்லாம் சிரித்துக்கொண்டிருப்பது போல ஒரு செல்ஃபி பரவியது. “பாருங்கள், நாடகம்” என்று கேவலப்படுத்தினார்கள். அசல் படத்தில் யாரும் சிரிக்கவில்லை. முகத்தில் சிரிப்பை ஒட்டுகிற சாதாரண போன் செயலியிலேயே செய்துவிடக்கூடிய வேலை. அங்கேயும் கைகொடுத்தது அசல் படம்தான்.

இந்த இரண்டிலும் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது. படத்துக்குள்ளே குற்றம் தேடுவதைவிட, அது எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது, முதலில் எங்கே வெளியானது என்று பின்னோக்கிப் போனால் விடை சீக்கிரம் கிடைக்கிறது. ஏஐ எவ்வளவு வளர்ந்தாலும் இந்த முறை பழசாகாது, ஏனென்றால் நாம் சோதிப்பது படத்தின் தரத்தை இல்லை, அது வந்த வழியை.

இன்னொன்று, பெரிய பாதிப்பை உண்டாக்குகிற போலிகள் நிறைய ஏஐ-யே இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 2023 மார்ச் மறந்திருக்காது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் இந்தியில் காட்டுத்தீயாகப் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழு இங்கே வந்தது, திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்துபோய்க் கிடந்தார்கள். அப்போது டிஜிபி-யாக இருந்த சைலேந்திர பாபு வெளியே வந்து சொன்னார்: ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை. ஹோலிக்கு ஊருக்குப் போகிற ரயில் கூட்டத்தைக்கூட உயிர் பிழைக்க ஓடுகிற கூட்டம் என்று காட்டினார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு தொழிலாளர்கள் பேசுவது போன்ற ஒரு வீடியோ பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸே சொன்னது. இதில் எங்கேயும் ஏஐ இல்லை. உண்மையான வீடியோ, பொய்யான தலைப்பு, நடுவில் கொஞ்சம் நடிப்பு. விரலை எண்ணிப் பார்த்திருந்தால் எல்லாருக்கும் ஐந்து விரல் சரியாகத்தான் இருந்திருக்கும்.

இந்த மாதிரி வீடியோ வந்தால் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் போனிலேயே செய்யலாம். முதலில் தலைப்பைப் படிக்காமல், சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். தலைப்பு சொல்வதைத்தான் மனசு வீடியோவில் தேடும், அதனால்தான் இப்படி. அப்புறம் இடம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் தமிழ்நாட்டு டிஎன்-ஆ ராஜஸ்தான் ஆர்ஜே-வா, பஸ் என்ன நிறம், போலீஸ் தொப்பி எப்படி இருக்கிறது, நிழல் நீளமா குட்டையா, மழை பெய்கிறதா. அந்த ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே ஒட்டியிருக்கிற எழுத்து, சேனல் லோகோ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரு ஃப்ரேமில் கிடைக்கவில்லை என்றால் வேறு மூன்று நான்கு ஃப்ரேமில் போடுங்கள், முகத்தைவிடக் கட்டடம் தெரிகிற ஃப்ரேம் நல்லது. அதே காட்சி இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஊர்ச் செய்தியில் வந்திருந்தால் அங்கேயே வேலை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லையா, அப்படிப் பெரிய சம்பவம் நடந்திருந்தால் யார் யாரெல்லாம் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். மதுரையில் மேம்பாலம் இடிந்தது என்று வீடியோ வந்தால், மதுரையில் ஒரு மனிதர்கூட வேறு கோணத்தில் எடுக்காமல் இருப்பாரா? ஒரே ஒரு கோணம், ஒரே ஒரு வீடியோ, எடுத்தவர் பெயர் இல்லை என்றால் பகிராமல் வைத்துவிடுங்கள். இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று வாட்ஸ்அப் காட்டினால், அனுப்பியது உங்கள் சித்தப்பாவே ஆனாலும் அவர் எடுத்ததில்லை, அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.

ஆடியோதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. வீடியோவில் இடம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பலகை இருக்கிறது. குரல் பதிவில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் இரண்டு சுற்று போய் வந்துவிட்டால் தரம் அடிவாங்கி, மிச்சம் மீதி இருந்த தடயமும் போய்விடும். 2023 செப்டம்பர் கடைசியில் ஸ்லோவாக்கியாவில் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், முக்கியக் கட்சி ஒன்றின் தலைவர் மிஹால் ஷிமெச்காவும் ஒரு பத்திரிகையாளரும் ஓட்டு வாங்குவது பற்றிப் பேசுவது போல ஒரு ஆடியோ வந்தது. அது போலி என்று இருவரும் சொன்னார்கள். ஆனால் அந்த நாட்டில் வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் ஊடகங்கள் தேர்தல் பற்றிப் பேசக்கூடாது என்று விதி. பொய்யை விட்டவர்கள் நேரம் பார்த்துத்தான் விட்டார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஜோ பைடனின் குரலில் ‘கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தலில் ஓட்டுப் போடாதீர்கள்’ என்று வாக்காளர்களுக்கு போன் போனது. ஏற்பாடு செய்த ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி, இனிமேல் எதையுமே நம்ப முடியாதா? போலியை நம்புவது ஒரு ஆபத்து என்றால், அசலை ‘அது ஏஐ’ என்று தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஆடியோக்களை பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை வெளியிட்டார். அமைச்சர் அவை ஜோடிக்கப்பட்டவை என்று மறுத்தார். ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு’ என்கிற இதழ் இரண்டு பதிவுகளையும் மூன்று வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தது. முதல் பதிவு திருத்தப்பட்டதாக இருக்கலாம், தரம் மோசமாக இருக்கிறது, இரண்டாவது அசல் என்று தோன்றுகிறது என்று 2023 ஜூலையில் எழுதினார்கள். அமைச்சர் தன் மறுப்பிலிருந்து மாறவில்லை. யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு மாநிலமே பேசிய விஷயத்தில் பொதுமக்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு பதில் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆதரவாளர்கள் போலி என்றார்கள், எதிர்ப்பாளர்கள் அசல் என்றார்கள். கேட்பவர் எந்தக் கட்சி என்பதே ஆடியோவின் தன்மையை முடிவு செய்துவிட்டது.

ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் டீப்ஃபேக் தலைகாட்ட ஆரம்பித்தபோதே இதை எச்சரித்தார்கள். போலி எளிதாகிறது என்று மக்கள் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, பொய் சொல்பவர்களுக்கு அதில் ஒரு லாபம் கிடைக்கும், உண்மையான ஆதாரத்தையும் போலி என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றார்கள். 2024 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் டெட்ராய்ட் விமான நிலையத்தில் நடத்திய கூட்டத்தின் படத்தை ஏஐ என்று டொனால்ட் டிரம்ப் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் நேரில் நின்ற கூட்டம், பல கேமராக்களில் பதிவானது, அதையே ஏஐ என்றார். இன்னும் மோசமானது ஆப்பிரிக்காவில் இருக்கிற காபோன் நாட்டுக் கதை. அதிபர் அலி போங்கோ பக்கவாதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் கண்ணிலேயே படவில்லை. 2019 புத்தாண்டு உரை என்று ஒரு வீடியோ வந்தது, முகம் ஒரு மாதிரி இறுகி இருந்தது. டீப்ஃபேக் என்று பேச்சுக் கிளம்பியது, ஒரு வாரத்தில் ராணுவத்தில் ஒரு பிரிவு ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றது. பிறகு ஆராய்ந்தவர்களுக்கு அந்த வீடியோ போலி என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. போலி வீடியோவே இல்லாமல், போலியாக இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டுமே அவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது. அரசு தன் தலைவரின் உடல்நிலையை மூடி மூடி வைத்ததுதான் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி.

அதனால் ‘எதையும் நம்பாதே’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது எச்சரிக்கை மாதிரித் தெரியும், ஆனால் அதனால் நன்மை யாருக்கு என்று பாருங்கள். லாக்கப்பில் அடிப்பதை யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்தால், ‘அதெல்லாம் ஏஐ’ என்று ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிடலாம். நம்பிக்கை போய்விட்டால் முதலில் நஷ்டப்படுவது கையில் போன் கேமராவைத் தவிர வேறு பலம் இல்லாதவர்கள்தான்.

சரி, மென்பொருளே கண்டுபிடித்துச் சொல்லாதா என்று கேட்பீர்கள். டிடெக்டர் என்று நிறைய இருக்கின்றன, நாங்களும் பயன்படுத்துகிறோம், ஆனால் அது சொல்வதைத் தீர்ப்பாக எடுப்பதில்லை. 2023 அக்டோபரில் இஸ்ரேல் அரசு வெளியிட்ட ஒரு சடலத்தின் படத்தை ஒரு டிடெக்டர் ஏஐ என்று சொல்ல, அதை வைத்து உலகம் முழுக்கச் சண்டை நடந்தது. ஹானி ஃபரீத் போன்றவர்கள் ஆராய்ந்து, ஏஐ என்பதற்கு அறிகுறி இல்லை என்றார்கள். சாட்பாட்டிடம் கேட்பது இன்னும் மோசம். 2025 ஆகஸ்டில் காஸாவில் பட்டினியால் மெலிந்த ஒரு சிறுமியை ஏஎஃப்பி செய்தி நிறுவனம் படம் எடுத்து வெளியிட்டபோது, எக்ஸ் தளத்தின் குரோக் அது 2018-இல் ஏமனில் எடுத்த படம் என்று அடித்துச் சொன்னது. எடுத்தவர் யார், எந்த நாள், எந்த ஊர் என்று எல்லாமே பதிவில் இருக்கிற படம் அது. அந்தக் குழந்தையின் பசியையே பொய்யாக்கிவிட்டது ஒரு இயந்திரம். எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

அசலை அசல் என்று நிரூபிக்கிற வழிகள் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். சி2பிஏ என்று ஒரு பொதுத் தரம் 2021-இலிருந்து வளர்கிறது, அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி எல்லாம் சேர்ந்து ஆரம்பித்தது. கேமராவே படம் எடுக்கிற கணத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுவிடும், பிறகு இந்தத் தரத்தை ஏற்றுக்கொண்ட மென்பொருளில் திருத்தினால் அதுவும் பதிவாகும். 2023-இல் லைக்கா எம்11-பி கேமராவில் முதலில் வந்தது. குறை என்னவென்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இந்தத் தகவலெல்லாம் உதிர்ந்துவிடும், நமக்கு வருகிறதில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில்தானே வருகிறது. கூகுளின் சிந்த்ஐடி வேறு மாதிரி, அவர்கள் ஏஐ உருவாக்குகிற படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத முத்திரை வைக்கிறார்கள். கூகுளின் ஜெமினி செயலியில் படத்தைப் போட்டுக் கேட்டால் முத்திரை இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் ஏஐ. இல்லை என்றால் ஒன்றும் அர்த்தமில்லை, வேறு நிறுவனத்தின் கருவியில் செய்திருக்கலாம்.

ஆனால் மிச்சமெல்லாம் தொழில்நுட்பம் செய்கிற வேலை இல்லை. 2024 ஜனவரியில் சேலத்தில் திமுக இளைஞரணி மாநாட்டில் கலைஞரை ஏஐ-யில் பேச வைத்தார்கள், அடுத்த மாதம் அதிமுக ஜெயலலிதாவின் குரலை உருவாக்கி வெளியிட்டது. அரங்கில் இருந்தவர்களுக்கு இது ஏஐ என்று தெரியும், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைந்தவர் ஒருவர், தான் பார்க்காத ஒரு தேர்தலில் ஒருவருக்கு ஆதரவு கேட்பது போலச் செய்வது எனக்குத் தப்பாகவே படுகிறது. அதில் இருபது நொடியை மட்டும் வெட்டி எடுத்தால் அடையாளம் எதுவும் இருக்காது. தேர்தல் ஆணையம் 2024 மே மாதம், டீப்ஃபேக் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்தில் கட்சிகள் நீக்க வேண்டும் என்றது. வாட்ஸ்அப் குழுக்களுக்கு 3 மணி நேரம் என்பது ரொம்ப அதிகம்.

செய்தி நிறுவனங்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. ‘வைரலாகும் வீடியோ, உண்மையா?’ என்று கேள்விக்குறி போட்டு, உள்ளே ஒன்றும் சொல்லாமல் அந்த வீடியோவையே ஓட்டுவது செய்தி இல்லை. சரிபார்க்கவில்லை என்றால் போடாமல் இருக்கலாம். போட்டது தப்பு என்று தெரிந்தால் அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் போட வேண்டும். அரசு மட்டும் உட்கார்ந்து எது பொய் என்று சொன்னால் போதும் என்பவர்களுக்கு: மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்கிற அமைப்பு வைக்கலாம் என்ற விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். மாநில அரசுகளுக்கும் அதே நியாயம் பொருந்தும். கட்சி சாராத ஆட்கள் செய்தால்தான் எல்லாரும் காது கொடுப்பார்கள். டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் என்று ஒன்று 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஆடியோ வீடியோவை அனுப்பித் தமிழிலேயே கேட்கலாம்.

வீட்டு விஷயமாக ஒன்று. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியர் வீடியோ காலில் வந்து, உறவினருக்கு ஆபரேஷன், 40,000 ரூபாய் வேண்டும் என்றார். கால் சில நொடிதான், முகம் மட்டும் தெரிந்தது. அனுப்பிவிட்டார். மறுபடியும் 35,000 கேட்டபோதுதான் சந்தேகப்பட்டு, தன்னிடம் இருந்த பழைய நம்பருக்கு அழைத்தார், நண்பருக்கு ஒன்றுமே தெரியாது. ஹாங்காங்கில் அரூப் நிறுவன ஊழியர் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்து நம்பி, 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார், மீட்டிங்கில் அவரைத் தவிர எல்லோருமே போலி. பணம், அவசரம், ரகசியம் மூன்றும் சேர்ந்து வந்தால் முகத்தையும் குரலையும் பார்க்காதீர்கள். துண்டித்துவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு நீங்களே அழையுங்கள். அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வாய்ப்பு.

கடைசியாக, உங்கள் கையிலேயே உண்மையான வீடியோ ஒன்று இருந்து, நாளைக்கு அதை யாராவது ஏஐ என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? போனில் இருக்கிற மூல ஃபைலை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். பத்திரிகையாளருக்கோ வக்கீலுக்கோ அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அப்போதுதான் சுருங்காமல், தேதி நேரத் தகவலோடு போகும். அதே சம்பவத்தைப் பக்கத்தில் நின்று எடுத்தவர் யாராவது இருந்தால் அவர் நம்பரை வாங்கி வையுங்கள், இரண்டு கோணம் இருந்தால் ஏஐ என்று சொல்வது கஷ்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி, டிஜிட்டல் ஆதாரத்தோடு கொடுக்கிற சான்றிதழில் அந்த ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஒரு ஃபைலுக்கு மென்பொருள் கணக்கிட்டுத் தருகிற எண்தான் அது, ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும். எடுத்த அன்றைக்கே அந்த எண்ணைப் போட்டு, நம்பிக்கையான இரண்டு பேருக்கு மெயிலில் அனுப்பி வைத்துவிடுங்கள். போனை மாற்றுவதாக இருந்தாலும் வழக்கு முடிகிற வரை பழைய போனை விற்காதீர்கள்.